டார்ட்மூரில் இரண்டு நாள்: ஹேடோரா, விஸ்ட்மன்ஸ் வுட்டா, லிட்ஃபோர்டா, உச்சியா?

போன வருடம் ஜூலையில் லெஸ்டரிலிருந்து சித்தி மகள் ஒரு படம் அனுப்பினாள். பாசி போர்த்திய பாறைகள், அவற்றுக்கு நடுவே கைகால் முறுக்கிக்கொண்டு நிற்கிற குட்டை ஓக் மரங்கள், எங்கு பார்த்தாலும் பச்சை. கூடவே ஒரு குரல்பதிவு: "அண்ணா, இங்கதான் போகணும். ஆகஸ்ட்ல ரெண்டு நாள் லீவு சொல்லியாச்சு. அத்தையும் வர்றாங்க, பசங்களும் வர்றாங்க. சரியா இருக்குமா?"

படத்தில் இருந்தது விஸ்ட்மன்ஸ் வுட். இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் பகுதியில், டார்ட்மூர் என்கிற மேட்டுநிலத்தின் நடுவில் இருக்கிற சின்னக் காடு. அத்தை என்று அவள் சொன்னது அவளுடைய மாமியாரை. அறுபத்தெட்டு வயது, முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு நடப்பவர். பிள்ளைகளுக்கு ஆறும் பத்தும். நான் ஒன்பது வருடமாக எக்ஸிட்டரில் இருக்கிறேன். டார்ட்மூரின் விளிம்பு இங்கிருந்து காரில் அரை மணி நேரம்தான் என்பதால் சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் இந்தக் கேள்வி என்னிடம் வரும்.

"முதல் நாள் அங்க வேண்டாம்மா. ஹேடோருக்குப் போங்க" என்றேன்.

"அங்க எல்லாருமே போறாங்களே அண்ணா, கூட்டமா இருக்காதா?"

இருக்கும்தான். ஆனாலும் என் பதில் அதுதான். எந்த இடம் அழகு என்று கேட்டால் நான்கு இடங்களைச் சொல்வேன், நான்கும் அழகு. கூட வருகிறவர்களில் யாருக்கு நடப்பது சிரமமோ அவர் எதைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவார் என்று கேட்டுப் பாருங்கள். அப்போது பட்டியல் தானாகவே வரிசைப்பட்டுவிடும்.

முதலில் அந்த நிலத்தைப் பற்றிக் கொஞ்சம். டார்ட்மூர் 1951இல் தேசியப் பூங்கா ஆனது. பரப்பளவு 954 சதுர கிலோமீட்டர். அடியில் இருப்பது பெரும்பாலும் கிரானைட், சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் உருகிக் குளிர்ந்த பாறை. அது விரிசல் விட்டு, நிலத்தடி நீரில் அரித்து, பனி யுகங்களின் உறைபனியில் பிளந்து, மேல்மண் வழிந்துபோன பிறகு மிஞ்சிய கெட்டியான பகுதிகள் மேடுகளின் தலையில் அடுக்கிவைத்த மூட்டைகள் மாதிரி நிற்கின்றன. அவற்றை இங்கே டோர் என்கிறார்கள். டார்ட்மூரில் 160க்கும் மேற்பட்ட டோர்கள் உண்டு. டோர்களுக்கு இடையில் இருப்பது மூர் என்கிற மரமில்லாத திறந்த நிலம்: புல், ஹெதர் புதர், அடியில் பீட் என்கிற, செடிகள் மட்கிச் சேர்ந்த கறுப்பு மண். நடுவில் இருக்கிற பிரின்ஸ்டவுன் ஊரில் வருடத்துக்குச் சுமார் 2000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அந்த மழையையெல்லாம் பீட் மண் பஞ்சு போலப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் கோடையில்கூடக் காலடி எங்கே கெட்டி, எங்கே சொதசொதப்பு என்று பார்த்துப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். வெள்ளைப் பஞ்சு போலப் பூ தொங்கும் புல் தெரிந்தால் அடியில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். பளிச்சென்ற பச்சைப் பாசித் திட்டு தெரிந்தால் சுற்றிக்கொண்டு போய்விடுங்கள்.

இனி ஹேடோர். போவி டிரேசி ஊரிலிருந்து வைட்கம் போகும் சாலையில், பாறை கண்ணுக்கு நேரே தெரியும் இடத்திலேயே வண்டி நிறுத்தலாம். கட்டணம் உண்டு. கீழ் நிறுத்துமிடத்தில் தேசியப் பூங்காவின் தகவல் மையமும் கழிவறையும் இருக்கின்றன. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று போனவர்களுக்குத்தான் தெரியும். மேல் நிறுத்துமிடத்திலிருந்து பாறை வரை புல் சரிவு, மெதுவாக நடந்தால் இருபது நிமிடம். உச்சி 457 மீட்டர். அங்கிருந்து கிழக்கே பார்த்தால் வயல்களைத் தாண்டி டெய்ன் ஆறு கடலில் கலக்கிற இடம் வரை தெரியும். பாறையின் மேலே ஏற 19ஆம் நூற்றாண்டில் வெட்டிய படிகள் உண்டு, தேய்ந்து போயிருக்கின்றன. அத்தை மாதிரியானவர்கள் ஏற வேண்டாம். பாறையின் அடியில் காற்று மறைவாக உட்கார்ந்தாலே கடல் தெரிகிறது.

இது மட்டும் என்றால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். ஹேடோரின் சிறப்பு அதன் பின்பக்கத்தில் இருக்கிறது. பாறையிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் கைவிடப்பட்ட கல்குவாரி. உள்ளே ஒரு குளம், அல்லிப் பூ, தட்டான்கள், தண்ணீருக்குள் துருப்பிடித்து நிற்கும் பழைய பாரம்தூக்கி. அந்தப் பக்கத்திலேயே புல்லுக்குள் ஒரு தண்டவாளம் ஓடுகிறது. இரும்புத் தண்டவாளம் கிடையாது, கல்லிலேயே செதுக்கியது! 1820இல் ஜார்ஜ் டெம்ப்ளர் என்பவர் போட்டது. இரும்பு விலை அதிகம், கிரானைட்டோ காலடியிலேயே கிடந்தது. பாளம் பாளமாக வெட்டி, சக்கரம் நழுவாமல் ஓரத்தில் விளிம்பு விட்டுச் செதுக்கினார்கள். பாறை ஏற்றிய வண்டிகள் சரிவில் தாமாகவே இறங்கி, சுமார் 16 கிலோமீட்டர் தள்ளியிருந்த கால்வாய்க்குப் போகும். காலி வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்துவரும். அந்தக் கால்வாய் வழியாகக் கடலுக்குப் போன கல்லில்தான் 1831இல் திறந்த லண்டன் பாலம் கட்டப்பட்டது. அந்தப் பாலத்தையும் 1968இல் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் அதன் முகப்புக் கற்களைக் கழற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் அரிசோனாவில் லேக் ஹவாசு என்ற ஊரில் மறுபடி கட்டினார். ஆக, பிள்ளைகள் காலை வைத்து நடக்கிற இந்தப் பள்ளத்தின் வழியாகப் போன கல் இன்று பாலைவனத்தில் நிற்கிறது. தண்டவாளம் பிரியும் இடங்களில் கல்லிலேயே செதுக்கிய கிளைப்பாதைகளும் உண்டு. அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதில் பத்து வயதுப் பையனுக்கு ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

கால் தெம்பு உள்ளவர்கள் இங்கிருந்து ஹவுண்ட் டோர் வரை போய்வரலாம். நடுவே பெக்கா ஓடை. ஒரு செங்குத்தான இறக்கம், காட்டுக்குள் ஓடையைத் தாண்டி அதே அளவு ஏற்றம். சுற்றிவந்தால் ஒன்பது, பத்து கிலோமீட்டர் ஆகும். ஏற்றத்தின் முடிவில், ஹவுண்ட் டோருக்குச் சற்றுக் கீழே, 14ஆம் நூற்றாண்டில் மக்கள் விட்டுப்போன ஒரு சிற்றூரின் அடித்தளங்கள் இருக்கின்றன. நீண்ட வீடுகள். ஒரே கூரையின் கீழ் மேல்பாதியில் மனிதர்கள், கீழ்ப்பாதியில் மாடுகள். தானியத்தை உலர்த்தக் கட்டிய அடுப்புள்ள கொட்டகைகளும் உண்டு. விளைந்த கதிரை வெயிலில் காயவைக்க முடியாத ஊர் அது. களத்துமேட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த அடுப்புகளைப் பார்த்தபோது அந்த மக்கள் எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் என்று மனசு கனத்துவிட்டது.

ஹேடோரைச் சுற்றி ஒரு முள்புதர் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். பெயர் கார்ஸ். நீலகிரிக்காரர்களுக்கு இது புதிதில்லை. பிரிட்டிஷ் காலத்தில் ஊட்டிப் பக்கம் வந்து சேர்ந்த அதே செடிதான், அங்கே சோலைப் புல்வெளிகளுக்குள் பரவி இன்று பெரிய தொல்லையாகியிருக்கிறது. இலங்கையில் ஹோர்ட்டன் சமவெளியிலும் இதே கதை. இங்கே அது சொந்த மண்ணில் இருக்கிறது, குருவிகள் கூடு கட்டுகின்றன. ஆகஸ்ட் மாதம் வந்தால் ஹெதரின் ஊதாவும் குட்டை ரகக் கார்ஸின் மஞ்சளும் ஒரே சரிவில் கலந்திருக்கும். டார்ட்மூருக்கு எந்த மாதம் வரலாம் என்று கேட்டால் நான் ஆகஸ்டின் பின்பாதியைச் சொல்வேன்.

சரி, தங்கை கேட்ட விஸ்ட்மன்ஸ் வுட். டூ பிரிட்ஜஸ் என்ற இடத்தில் சின்ன நிறுத்துமிடம், காலை பத்து மணிக்கெல்லாம் நிரம்பிவிடும். அங்கிருந்து மேற்கு டார்ட் ஆற்றின் பள்ளத்தாக்கில் சுமார் 2 கிலோமீட்டர். முதலில் பண்ணைப் பாதை, நன்றாகவே இருக்கும். பண்ணை வீட்டைத் தாண்டியதும் கல்லும் சேறும் மாறி மாறி வரும். முழங்கால் வலி உள்ளவருக்கு அந்த இரண்டாம் பாதி வேதனை. வலப்பக்கம் மேட்டில் தெரிவது கிராக்கர்ன் டோர். டெவனின் தகரச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சட்டங்களைத் தாங்களே இயற்றிக்கொள்ளக் கூடிய திறந்தவெளி மன்றம் அங்கேதான் நடந்தது. 1494ஆம் ஆண்டிலேயே அதைப் பற்றிய பதிவு உண்டு. காட்டுக்கு விரைகிறவர்கள் பெரும்பாலும் அதை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை.

காடு மிகச் சின்னது, மூன்று திட்டுகளாக இருக்கிறது. சுமார் 400 மீட்டர் உயரத்தில், காற்றும் குளிரும் அடிக்கிற சரிவில் ஓக் மரம் வளர்வதே அபூர்வம். டார்ட்மூரில் இப்படி மூன்றே காடுகள்தான் மிஞ்சியிருக்கின்றன. பாறைகளின் இடுக்கில் முளைத்ததால் ஆடுமாடுகளின் வாய்க்கு எட்டாமல் தப்பித்தன. 17ஆம் நூற்றாண்டின் குறிப்புகளில் இந்த மரங்கள் ஆள் உயரம்தான் என்று இருக்கிறது. இப்போது அதைவிட வளர்ந்திருக்கின்றன. கிளைகளில் தொங்கும் பாசிகளிலும், பாசி போலவே ஒட்டி வளரும் லைக்கன்களிலும் சில வகைகள் இந்த நாட்டில் வேறெங்கும் அநேகமாகக் கிடைப்பதில்லை.

அந்தப் பாசியைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள், வந்து அதன் மேலேயே ஏறுகிறார்கள். படம் எடுக்கப் பாறையில் ஏறும்போது பாசி உரிந்துவிடுகிறது. உரிந்தது மறுபடி வளர வருடக்கணக்கில் ஆகும். அதனால்தான் காட்டுக்குள் நுழையாமல் ஓரமாக நின்று பாருங்கள் என்று பூங்கா நிர்வாகமும் இயற்கைப் பாதுகாப்புத் துறையும் கேட்டுக்கொள்கின்றன. தங்கை அனுப்பியது உள்ளே நின்று எடுத்த படம். அந்தப் படத்தை மனசில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும், இல்லாவிட்டால் உள்ளே காலை வைக்கத் தோன்றும். இரண்டும் வேண்டாம் என்று நினைக்கிறேன். நான் முதல்முறை போனபோது இந்த வேண்டுகோள் எனக்குத் தெரியாது. உள்ளே நடந்தேன். அடுத்தமுறை போய்ப் பார்த்தபோது வழக்கமாக எல்லோரும் உட்கார்கிற பாறை வழுக்கையாக இருந்தது. அதில் என் பங்கும் உண்டு. அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. இந்த நிலத்தின் உடைமை, பிரிட்டிஷ் பட்டத்து இளவரசரின் பரம்பரைச் சொத்தான கார்ன்வால் டச்சியிடம் இருக்கிறது. 2040க்குள் காட்டின் பரப்பை இருமடங்காக்கும் திட்டத்தை அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். மரங்கள் தாமாகப் பரவ இடம் கொடுக்கிற திட்டம். பெரியவர்கள் மட்டும், வார நாளில், காலையிலேயே, ஓரத்தில் நின்று பார்க்கப் போகிறீர்கள் என்றால் விஸ்ட்மன்ஸ் வுட் அருமையான இடம். ஒரே ஒரு நாள் இருக்கிற குடும்பத்துக்கு அது பொருந்தாது.

லிட்ஃபோர்ட் பள்ளத்தாக்கு பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கு விளிம்பில் இருக்கிறது, நேஷனல் டிரஸ்ட் என்கிற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு பராமரிக்கிறது, நுழைவுக் கட்டணம் உண்டு, உறுப்பினர்களுக்கு இலவசம். சுமார் 30 மீட்டர் உயர அருவி ஒன்று, பாறையைக் குடைந்துகொண்டு தண்ணீர் சுழல்கிற ஒரு கொப்பரை, ஆற்றை ஒட்டிய வழுக்குப் பாதை. அருவிக்கு இறங்க இரண்டு வழிகள்: குறுகிய செங்குத்து வழி, நீளமான சுலப வழி. வயதானவர்கள் சுலப வழியில் அருவியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். மழையோ பாறைச் சரிவோ வந்தால் சில பகுதிகளை மூடிவிடுவார்கள், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் இது மழை நாளுக்கான இடம். மூர் முழுக்க மேகம் இறங்கி எதுவுமே தெரியாத நாளிலும் அருவி தெரியும், மழை பெய்திருந்தால் இன்னும் நன்றாகவே தெரியும். ஆனால் இங்கே போய்விட்டு டார்ட்மூரைப் பார்த்தேன் என்று சொல்ல மனம் வராது. இது மரங்கள் அடர்ந்த ஆற்றுப் பள்ளம். மூரின் அந்த விரிந்த வெறுமை இங்கே இல்லை.

அந்த வெறுமை வேண்டுமென்றால் வடக்கே போக வேண்டும். ஹை வில்ஹேஸ் 621 மீட்டர், தென் இங்கிலாந்தின் மிக உயர்ந்த இடம். பக்கத்திலேயே 619 மீட்டரில் யெஸ் டோர். உயரத்தில் இரண்டு மீட்டர் குறைவானாலும் பார்ப்பதற்கு யெஸ் டோர்தான் கம்பீரம். மெல்டன் நீர்த்தேக்கத்திலிருந்து இரண்டையும் சுற்றிவர நான்கு, ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முக்கியமான விஷயம்: இது ராணுவத்தின் ஓக்ஹாம்ப்டன் துப்பாக்கிப் பயிற்சிக் களத்துக்குள் இருக்கிறது. பயிற்சி நடக்கும் நாளில் மேடுகளில் சிவப்புக் கொடி பறக்கும், இரவில் சிவப்பு விளக்கு எரியும். கொடி பறந்தால் உள்ளே போகவே கூடாது. எந்தெந்த நாள் பயிற்சி என்பதை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். கீழே கிடக்கிற எந்த உலோகப் பொருளையும் தொடாதீர்கள்.

மூன்று வருடத்துக்கு முன் அக்டோபரில் ஒரு நண்பரோடு இங்கே ஏறினேன். யெஸ் டோரில் டீ குடிக்க உட்கார்ந்தபோது வெயில் அடித்தது. எழுந்தபோது பத்தடி தள்ளி நின்ற நண்பர் நிழலாகத் தெரிந்தார். கைபேசி வரைபடத்தை நம்பி இறங்கினோம். அதில் நாங்கள் இருக்கும் புள்ளி தெரிந்தது, நடுவில் இருந்த சேற்றுநிலம் தெரியவில்லை. அதைச் சுற்றப்போய் ஆட்டுத் தடம் ஒன்றைப் பிடித்து வேறு பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டோம். குளிரில் கைபேசியும் அணைந்தது. நல்லவேளையாக நண்பரிடம் திசைகாட்டி இருந்தது. வண்டிக்கு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. அன்றிலிருந்து பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல்28 காகித வரைபடமும் திசைகாட்டியும் இல்லாமல் வடக்கு மூரில் கால் வைப்பதில்லை. 1960 முதல் ஒவ்வொரு மே மாதமும் சுமார் 2400 பதின்வயதுப் பிள்ளைகள் டென் டோர்ஸ் என்ற பெயரில் இங்கே இரண்டு நாள் நடக்கிறார்கள், அதிகபட்சம் 55 மைல். அவர்கள் மாதக்கணக்கில் வரைபடம் படிக்கப் பயிற்சி எடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆகவே ஹை வில்ஹேஸ் யாருக்கு என்றால், நடந்து பழகிய பெரியவர்களுக்கு, வானம் தெளிந்த நாளுக்கு. அந்த நாள் மட்டும் அமைந்துவிட்டால் மற்ற மூன்றையும்விட அதையே தேர்ந்தெடுப்பேன். மனிதக் குரலே இல்லாத இடம், வானம்பாடி ஒன்று மேலே பாடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

கார் இல்லாதவர்களுக்கும் இந்த வடக்குப் பக்கம்தான் வசதி. எக்ஸிட்டரிலிருந்து ஓக்ஹாம்ப்டனுக்கு 2021 நவம்பர் முதல் மறுபடி தினசரி ரயில் ஓடுகிறது, முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. மேடு ஏற முடியாதவர்களோ தள்ளுவண்டிக் குழந்தையோ கூட இருந்தால், நிலையத்தின் அருகிலேயே தொடங்குகிற கிரானைட் வே என்ற பாதையில் போகலாம். பழைய ரயில்தடத்தின் மேல் போட்டது, லிட்ஃபோர்ட் வரை சுமார் 18 கிலோமீட்டர். முழுதும் போக வேண்டாம். 1874இல் கட்டிய மெல்டன் இரும்புப் பாலம் வரை போய், அதன் மேல் நின்று மூரைப் பார்த்துவிட்டுத் திரும்பினாலே போதும்.

எங்கே போனாலும் சில விஷயங்கள் பொது. மூர் சாலைகளில் வேக வரம்பு பெரும்பாலும் 40 மைல்தான். ஆடும் குதிரைக்குட்டியும் வேலி இல்லாமல் சாலையிலேயே நிற்கும், ஒவ்வொரு வருடமும் வண்டி மோதிச் சாகின்றன. குதிரைகளுக்கு எதையும் ஊட்டாதீர்கள். பாசத்தோடு கொடுக்கிற கேரட் அவற்றைச் சாலையோரத்துக்கே பழக்கிவிடும். புதர்களில் உண்ணி உண்டு. நீளக் காற்சட்டை போடுங்கள், இரவு குளிக்கும்போது பிள்ளைகளின் உடம்பைப் பாருங்கள். கோடை என்றாலும் மழைக்கோட்டு பையில் இருக்கட்டும்.

கூடாரம் போட்டுத் தங்கலாமா என்று தங்கையின் கணவர் கேட்டார். தங்கலாம். டார்ட்மூரின் பொதுநிலங்களில் நடக்கும் உரிமையை 1985ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. அதில் கூடாரம் போடுவதும் அடங்குமா என்று நில உரிமையாளர்கள் வழக்குப் போட்டு, 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் இல்லை என்றது, ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உண்டு என்றது, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் உண்டு என்றே உறுதி செய்தது. எல்லா இடத்திலும் இல்லை. அனுமதி உள்ள பகுதிகளின் வரைபடத்தைப் பூங்கா வெளியிட்டிருக்கிறது. அதை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

கடைசியில் அவர்கள் செய்தது இது. முதல் நாள் ஹேடோர். ஹவுண்ட் டோர் வரை போகவில்லை, குவாரிக் குளத்தோடு நின்றுவிட்டார்கள். அத்தை பாறையடியில் துண்டை விரித்து உட்கார்ந்து, கொண்டுவந்த புளியோதரையைப் பங்கு வைத்தார். இரண்டாம் நாள் பிரிந்துகொண்டார்கள். தங்கையும் பெரியவனும் அதிகாலையிலேயே டூ பிரிட்ஜஸில் இறங்கி விஸ்ட்மன்ஸ் வுட்டின் ஓரம் வரை போனார்கள். மற்றவர்கள் அங்கிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் போஸ்ட்பிரிட்ஜில் காத்திருந்தார்கள். அங்கே ஒரு பழைய கல்பாலம் இருக்கிறது. இடைக்காலத்தில், தகரம் சுமந்த குதிரைகள் கிழக்கு டார்ட் ஆற்றைத் தாண்டுவதற்காகப் போட்டது. ஒவ்வொரு பாளமும் நான்கு மீட்டருக்கு மேல் நீளம். நிறுத்துமிடத்திலிருந்து ஐந்து நிமிடம், ஏற்றமே இல்லை.

அன்று மாலை இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் காடு, வெளியே நின்று எடுத்தது. மரங்களுக்கு மேலே மூரின் சரிவும் வானமும் தெரிந்தன. இன்னொன்றில் அத்தை பாலத்துக்குக் கீழே ஒரு கல்லில் உட்கார்ந்து, முழங்கால் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கால்களையும் ஆற்றில் விட்டிருந்தார்.